வக்கீலிடம் முதல் நாளே கணக்குப் பேசுவது எப்படி

என்னிடம் 80 பக்கக் கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது. அதன் முதல் வரி: ‘2011 ஜூன் – வக்கீல் ஐயாவுக்கு 25,000’. எதற்காக, எந்த வேலை வரைக்கும், இன்னும் எவ்வளவு என்று எதுவும் இல்லை. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த நான், என் சொந்தக் கணக்கை அப்படித்தான் தொடங்கினேன். நோட்டின் கடைசிக் கூட்டுத்தொகை 2018-இல் எழுதியது: 1,75,600 ரூபாய்.

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையில் எங்கள் ஊர். 2009-இல் என் வீட்டுக்காரர் தவறினார். அடுத்த வருஷமே பங்காளி வீட்டார் எங்கள் தோட்டத்துக்குப் போகிற வண்டித்தடத்தில் கிளுவைப் போத்து நட்டு அடைத்துவிட்டார்கள். பொதுக் கிணற்றில் எங்களுக்குப் பாதிப் பங்கு உண்டு. அதற்கும் அந்தத் தடம்தான் வழி. ஊர்ப் பெரியவர்கள் இரண்டு முறை பேசிப் பார்த்தார்கள். ஒத்துவரவில்லை. வழக்குப் போட்டேன், ஏழு வருஷம் நடந்தது, தடம் திறந்தது. இப்போது சுற்றுவட்டாரத்தில் யாருக்கு வழக்கு என்றாலும், முக்கியமாகப் பெண்களுக்கு, “டீச்சரம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள்” என்கிறார்கள். நான் சட்டம் படித்தவள் அல்ல. வக்கீல் அறையில் கட்டணம் பேசுகிற நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறவள். அப்படி உட்கார்ந்து கற்றதையும், அதற்காகத் தேடிப் படித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து மனிதர்கள் கொப்பரை கிலோவுக்கு ஐம்பது காசு குறைந்தாலும் வியாபாரியை விடமாட்டார்கள். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேரம் பேசுவார்கள். அதே ஆட்கள் வக்கீல் முன்னால் உட்கார்ந்தால், “நீங்களே பார்த்துச் சொல்லுங்கள், ஐயா” என்று கையைக் கட்டிக்கொள்கிறார்கள். பணத்தைப் பற்றிக் கேட்டால் மரியாதைக் குறைவு, கேஸைச் சரியாக நடத்தமாட்டார் என்ற பயம். அந்தப் பயத்துக்கு நான் கொடுத்த விலை அந்த நோட்டில் இருக்கிறது. நல்ல வக்கீல் கட்டணத்தைக் கேட்டால் கோபிப்பதில்லை. சில பேருக்கு நிம்மதியாகக்கூட இருக்கிறது என்பதை இரண்டாவது வக்கீலிடம்தான் பார்த்தேன்.

போவதற்கு முன் செய்ய வேண்டியது

வழக்கின் கதையை ஒரே தாளில், தேதி வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள். பாகப்பிரிவினை எந்த வருஷம், பட்டா யார் பெயரில், தகராறு எப்போது ஆரம்பித்தது, யார் யார் பார்த்தார்கள். பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று மூன்றையும் நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள். இப்போது இணையத்திலேயே கிடைக்கின்றன. இதை வக்கீல் அலுவலகம் எடுத்துக் கொடுத்தால் அலைச்சலுக்கும் சேர்த்துத்தான் வாங்குவார்கள். அசல் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள், நகல் மட்டும். அசல் தேவைப்படுகிற நாளில் எடுத்துப் போய், நீதிமன்றத்தில் சான்றாவணமாகக் குறியிடுகிறபோது கொடுத்தால் போதும். முதல் நாளே 1974-ஆம் வருஷத்துப் பாகப்பத்திரத்தின் அசலைக் கட்டோடு கொடுத்துவிட்டு நான் பட்ட பாட்டைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரே வக்கீலைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இரண்டு மூன்று பேரைப் பாருங்கள். ஆலோசனைக்கு மட்டும் எவ்வளவு என்று போனிலேயே கேளுங்கள். அதைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தால் எந்தக் கடனும் இல்லை. முடிந்தால் ஒரு காலை நேரம் நீதிமன்றத்தின் பின்பெஞ்சில் போய் உட்காருங்கள். யார் வழக்குக் கட்டைப் படித்துவிட்டு வருகிறார், யார் குமாஸ்தாவை அனுப்பி வாய்தா கேட்கிறார் என்பது இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும். சொந்தக்காரர் சொன்னார் என்பதற்காகவோ, நம் ஆள் என்பதற்காகவோ போவதைவிட இது எத்தனையோ மேல்.

வக்காலத்தில், அதாவது நமக்காக வழக்கு நடத்த வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கிற தாளில், முதல் நாளே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. போடும்போது முழுவதும் படியுங்கள். வெற்றுத்தாள், நிரப்பாத காசோலை, வெற்று முத்திரைத்தாள் – யார் கேட்டாலும் இதில் கையெழுத்து இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

கட்டணம் எத்தனை வகை

மில்களும் பனியன் கம்பெனிகளும் மாதாமாதம் ஒரு தொகை கொடுத்து வக்கீலை வைத்துக்கொள்வார்கள். நமக்கு அது வேண்டாம். நம் போன்றவர்களிடம் மூன்று விதமாக வாங்குகிறார்கள். வழக்கு முழுவதற்கும் ஒரே தொகை, கட்டம் கட்டமாக, வாய்தாவுக்கு இவ்வளவு என்று.

வாய்தாக் கணக்கில்தான் நம் ஆட்கள் மூழ்கிப்போகிறார்கள். 500 ரூபாய் என்று கேட்கும்போது சின்னதாகத் தெரிகிறது. என் நோட்டில் முதல் வக்கீல் காலத்தில் 62 வாய்தா, 31,000 ரூபாய். ஒவ்வொரு தேதிக்கும் எதிரில் அன்று என்ன நடந்தது என்று பிற்பாடு பச்சை மையில் எழுதிப் பார்த்தேன். நீதிபதி விடுப்பு, வக்கீல்கள் புறக்கணிப்பு, எதிர்த்தரப்பு எதிருரைக்கு நேரம் கேட்டது, நம் வக்கீல் வேறு ஊர் நீதிமன்றத்தில் இருந்தது. உண்மையில் ஏதாவது நடந்தது 17 நாள். மற்ற 45 நாளுக்கும் நான் கொடுத்தது தேதி வாங்கியதற்கான கூலி. வாய்தாவுக்கு இவ்வளவு என்று பேசினால், வழக்கு இழுக்க இழுக்க ஒரு தரப்புக்கு வருமானம், இன்னொரு தரப்புக்குச் செலவு. எவ்வளவு நேர்மையான மனிதராக இருந்தாலும் அந்த ஏற்பாடு சரியில்லை.

எனவே கட்டம் கட்டமாகப் பேசுவதையே நான் சொல்கிறேன். வாய்தாவுக்குத்தான் வாங்குவேன் என்று பிடிவாதமாக இருந்தால் இரண்டு நிபந்தனை வையுங்கள்: விசாரணையோ வாதமோ நடந்த நாளுக்கு மட்டும், மொத்தத்தில் இத்தனை ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள சிஎன்ஆர் எண்ணைக் கேட்டு வாங்கிவைத்துக்கொண்டால், எந்தத் தேதியில் என்ன நடந்தது என்பதை ஈ-கோர்ட்ஸ் செயலியில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். எனக்கு அந்த வசதி தெரிந்தது வழக்கின் கடைசி வருஷத்தில்.

நூற்றுக்கு இவ்வளவு என்று கேட்டால்

விபத்து இழப்பீட்டிலும் நிலம் எடுப்பு வழக்கிலும் இது சாதாரணமாக நடக்கிறது. “இப்போது ஒன்றும் தர வேண்டாம், வருவதில் 20 சதவீதம் கொடுங்கள்” என்பார்கள். கையில் காசில்லாத குடும்பத்துக்கு அது பெரிய உதவி போலத் தெரியும். ஆனால் இந்தியாவில் வழக்கறிஞர் அப்படிப் பேசவே கூடாது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் வைப்பதையும், கிடைக்கிற தொகையில் பங்கு கேட்பதையும், வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்துகிற இந்திய பார் கவுன்சில் விதிகளின் 20-ஆம் விதி தடுக்கிறது. தெலங்கானாவில் கணவரை விபத்தில் இழந்த ஒரு பெண்ணிடம் அவருடைய வக்கீல் இழப்பீட்டில் சதவீதம் கணக்கிட்டு 3 லட்சத்துக்குக் காசோலை வாங்கி, அது திரும்பியதும் அந்தப் பெண் மேலேயே காசோலை வழக்குப் போட்டார். 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. சதவீதக் கட்டணம் சட்டவிரோதம், அதை வைத்துப் பணம் கேட்க முடியாது என்றது.

என்னிடம் படித்த ஒரு பெண்ணின் கணவர் அவிநாசிப் பக்கம் நெடுஞ்சாலையில் இறந்தபோது, அவளோடு போய் உட்கார்ந்தேன். அந்த வக்கீல் 20 சதவீதம் என்றார். “விதி இருக்கிறதே, ஐயா. உங்கள் உழைப்புக்கு ஒரு தொகையாகச் சொல்லுங்கள், தீர்ப்பு எப்படி வந்தாலும் கொடுத்துவிடுகிறோம்” என்றேன். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். பிறகு 40,000, மூன்று தவணை என்று ஒத்துக்கொண்டார். விபத்துத் தீர்ப்பாயத்தின் தீர்ப்பைக் கடைசிப் பக்கம்வரை படியுங்கள். வட்டியோடும் செலவோடும் இன்சூரன்ஸ் கம்பெனி கட்ட வேண்டும் என்றும், வக்கீல் கட்டணம் இவ்வளவு என்றும் அதிலேயே ஒரு தொகை எழுதியிருக்கும். அந்த வரி உங்களுக்கானது. இழப்பீடு உங்கள் வங்கிக் கணக்குக்கே நேராக வர வேண்டும் என்று மனுவில் எழுதச் சொல்லுங்கள். பாஸ் புத்தகமும் ஏடிஎம் அட்டையும் உங்கள் பெட்டியில் இருக்கட்டும்.

தாளில் என்ன எழுத வேண்டும்

2015-இல் இரண்டாவது வக்கீலம்மாவிடம் போனபோது நானே ஒரு தாளை எழுதிக்கொண்டு போயிருந்தேன். கை நடுங்கியது உண்மை. அவர் படித்துவிட்டு, “டீச்சர், எல்லாரும் இப்படி வந்தால் எங்களுக்கும் நல்லது” என்று சொல்லி இரண்டு வரியைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளை அப்படியே தருகிறேன்:

“அசல் வழக்கு தீர்ப்பு வரும் வரை மொத்தக் கட்டணம் ரூ. 46,000. வக்காலத்து தாக்கல் செய்யும்போது 10,000. வாதியின் முதல் விசாரணைப் பிரமாண வாக்குமூலம் தாக்கலாகும்போது 12,000. இரு தரப்புச் சாட்சிகளின் குறுக்கு விசாரணை முடிந்ததும் 12,000. வாதம் முடிந்து தீர்ப்புக்கு வைத்ததும் 12,000. இடைக்கால மனுக்கள் இதில் அடங்கும். வாய்தாவுக்குத் தனிக் கட்டணம் இல்லை. மேல்முறையீடும் நிறைவேற்று மனுவும் அடங்காது. முத்திரை, பேட்டா, நகல், கமிஷனர் கட்டணம் ஆகியவை தனி. ஒவ்வொன்றுக்கும் ரசீதோ குறிப்போ தரப்படும். சாட்சி விசாரணையையும் வாதத்தையும் வக்கீல் தாமே நடத்துவார். அசல் ஆவணங்கள் எதுவும் பெறப்படவில்லை.”

முதல் விசாரணைப் பிரமாண வாக்குமூலம் என்பது வாதி தன் சாட்சியத்தை எழுத்தில் கொடுப்பது. நிறைவேற்று மனு என்பது தீர்ப்பை நடைமுறைப்படுத்தக் கேட்பது. பேட்டா என்பது சம்மன் அனுப்பக் கட்டுகிற செலவு. கமிஷனர் என்பவர் இடத்தைப் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் அனுப்புகிற வக்கீல். கடைசித் தவணையைக் கவனியுங்கள். ‘ஜெயித்தால்’ என்று இல்லை. வாதம் முடிந்ததும் என்றுதான் இருக்கிறது. ஜெயித்தால் இன்னொரு பத்தாயிரம் தருகிறேன் என்று நாமாக ஆசை காட்டுவதும் அந்த 20-ஆம் விதிக்குள் வந்து சேரும்.

‘தாமே நடத்துவார்’ என்பதற்குக் காரணம் உண்டு. முதல் வழக்கில் சீனியரைப் பார்த்துப் பணம் கொடுத்தேன். குறுக்கு விசாரணைக்கு வந்த ஜூனியர் தம்பி அன்று காலையில்தான் கட்டைப் பிரித்திருந்தார். ஜூனியர் செய்யக் கூடாது என்பதில்லை. எதை யார் செய்வார் என்பதற்கு ஏற்றபடி தொகை இருக்க வேண்டும்.

பேரம் பேசும்போது தொகையை மட்டும் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் வேலையைக் குறையுங்கள். ஆவணங்களை நானே எடுத்துத் தருகிறேன், சாட்சிகளை நானே அழைத்து வருகிறேன், ஒரே தடத்தில் போகிற நான்கு குடும்பமும் ஒரே வழக்காகச் சேர்கிறோம் என்று சொல்லுங்கள். எங்கள் தடத்தில் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் போகிறார்கள். சேர்ந்திருந்தால் மூன்றில் ஒரு பங்குதான் எனக்கு ஆகியிருக்கும். தனியாகப் போனேன், வீம்பில். தவணையை நீட்டிக் கேட்கலாம். மஞ்சள் போட்டிருப்பவர் வெள்ளாமை வந்து விற்றதும் தருகிறேன் என்று சொல்வதில் குறைவொன்றுமில்லை. ஆனால் மிகக் குறைவாகச் சொன்னார் என்பதற்காக மட்டும் ஒருவரிடம் போகாதீர்கள். நிலத்தின் விலைக்கும் கட்டணத்துக்கும் உள்ள பொருத்தத்தை யோசியுங்கள். பத்து சென்ட் பொழித் தகராறுக்கு, அதாவது வரப்புச் சண்டைக்கு, நிலத்தின் விலையைத் தாண்டிச் செலவு செய்தவர்களை எனக்குத் தெரியும்.

பணத்தை வங்கி வழியாகவோ யுபிஐயிலோ அனுப்புங்கள். குறிப்பில் ‘கட்டணம்’ அல்லது ‘செலவு’ என்று பிரித்து எழுதுங்கள். கட்சிக்காரரின் பணத்துக்குக் கணக்கு வைத்திருப்பதும், வாங்கிய பணம் கட்டணத்துக்கா செலவுக்கா என்று அதில் பிரித்துக் காட்டுவதும், கேட்டால் அந்தக் கணக்கின் நகலைத் தருவதும் பார் கவுன்சில் விதிகளிலேயே இருக்கிற கடமை. வியாபாரம் சாராத சொந்த வழக்குக்கு வக்கீல் கட்டணத்தின் மேல் ஜிஎஸ்டி கிடையாது. ஜிஎஸ்டி பதிவுள்ள கம்பெனிகள்தான் தாங்களாகவே அரசுக்குக் கட்ட வேண்டும்.

மேல்முறையீட்டைப் பற்றி முதல் நாளே கேட்டுவையுங்கள். அது உயர் நீதிமன்றம் வரை போனால், எங்கள் திருப்பூர் மாவட்டம், ஈரோடு, கோயம்புத்தூர், நாமக்கல் எல்லாம் சென்னைக்குப் போக வேண்டும்; கரூர்க்காரர்கள் மதுரைக் கிளைக்கு. அங்கே வேறு வக்கீல், வேறு கட்டணம், இரவு ரயில்.

கட்டணமே இல்லாத வழியும் இருக்கிறது

என் வழக்கு முடிந்த பிறகுதான் இதைத் தெரிந்துகொண்டேன். இன்னும் மனம் ஆறவில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கும் அப்படியே. மற்றவர்களுக்கு வருமான வரம்பு. நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம். அப்படி நியமிக்கப்பட்ட வக்கீல் உங்களிடம் தனியாகப் பணம் கேட்டால் அந்த அலுவலகத்திலேயே சொல்லுங்கள்.

நீதிமன்றக் கட்டணம் வேறு, வக்கீல் கட்டணம் வேறு. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சொன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். பணத்துக்கான வழக்கில் தமிழ்நாட்டில் 2017-க்கு முன் நூற்றுக்கு ஏழரை ரூபாய் முத்திரை. அந்த வருஷம் 3 ரூபாயாகக் குறைத்தார்கள். 12 லட்சத்துக்கு 36,000. சமரச மையத்திலோ மக்கள் நீதிமன்றத்திலோ முடிந்தால் அது முழுவதும் திரும்பக் கிடைக்கும். இரண்டு தரப்பும் வெளியிலேயே உட்கார்ந்து பேசி முடித்துக்கொண்டாலும் கிடைக்கும் என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லிவிட்டது. கேட்டு மனுப் போட்டால்தான் வரும். என் அக்கா மகன் திருப்பூரில் நூல் கொடுத்த வகையில் வர வேண்டிய அந்த 12 லட்சத்துக்காக அலைந்தான். வியாபாரிகளுக்குள் 3 லட்சத்துக்கு மேற்பட்ட தகராறு என்றால், அவசரத் தடை எதுவும் கேட்காத பட்சத்தில், வழக்குக்கு முன்பே சமரசத்துக்குப் போயாக வேண்டும் என்பது வணிக நீதிமன்றச் சட்டம். அங்கேயே ஆறு தவணைக்கு எதிராளி ஒத்துக்கொண்டார். 36,000 ரூபாய்க்கு முத்திரை வாங்கவே இல்லை.

தகராறு வந்துவிட்டால்

நான்காம் வருஷத்தில் முதல் வக்கீல் என் போனை எடுப்பதை நிறுத்தினார். மாற்றிக்கொள்கிறேன் என்றதும், பாக்கி 30,000 கொடுத்தால்தான் கட்டு என்றார். அந்தக் கட்டுக்குள் என் பாகப்பத்திரம். இரண்டு இரவு தூங்கவில்லை.

அந்த நிலையில் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டணப் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை. 2000-ஆம் ஆண்டில் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. கேட்டும் கொடுக்காமல் இருப்பது தொழில் ஒழுங்கீனம். பாக்கி உண்மையாகவே இருந்தால் அவர் அதற்குத் தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளலாம். 1926-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் கட்டணச் சட்டம் அந்த உரிமையை அவருக்குக் கொடுக்கிறது.

நான் எழுதிய கடிதம் அரைப்பக்கம். கொடுத்த தொகைகள் தேதியோடு. பாக்கி எந்த வேலைக்கு என்ற கணக்கு வேண்டும். கட்டையும் அசல் பத்திரத்தையும் 15 நாளுக்குள் தர வேண்டும். 2000-ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பார்க்கவும். கோபமான சொல் ஒன்றுகூட எழுதவில்லை. நகல் வைத்துக்கொண்டு, ஒப்புகை வரும்படி தபாலில் அனுப்பினேன். பதினோராம் நாள் குமாஸ்தா போன் செய்தார். போய் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். தடையுத்தரவு மனுவுக்கு 5,000 முன்பே கொடுத்திருந்தேன். கமிஷனர் வந்து தடத்தை அளந்தபோது அந்த வக்கீல் வெயிலில் இரண்டு நாள் நின்றது உண்மை. அந்த உழைப்புக்குக் கூலி கொடுக்காமல் வரக் கூடாது என்று 10,000 கொடுத்தேன். கட்டை வாங்கிக்கொண்டு, வக்காலத்தில் ‘ஆட்சேபமில்லை’ என்று எழுதி வாங்கி வந்தேன். அந்த எழுத்து இல்லாமல் புது வக்கீல் நுழைய முடியாது. கொடுக்க மறுத்தால் நீதிமன்றத்திடம் அனுமதி கேட்டு மனுச் செய்யலாம். வக்கீலே பாதியில் விலகினால், முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். செய்யாத வேலைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் விதி இருக்கிறது.

கடிதத்துக்கும் மசியவில்லை என்றால் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலுக்குப் புகார் எழுதலாம். அலுவலகம் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரிக்கும். ஒரு வருஷத்துக்குள் முடியாவிட்டால் புகார் டெல்லியில் உள்ள இந்திய பார் கவுன்சிலுக்குப் போகும். கண்டனம், சில காலம் தொழில் செய்யத் தடை, பெயர் நீக்கம் என்பவை தண்டனைகள். ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும்: வழக்குத் தோற்றது புகாருக்குக் காரணம் ஆகாது. கட்டணம் அதிகம் என்று பிறகு தோன்றுவதும் ஆகாது. பணத்தை எடுத்துக்கொண்டது, கட்டைத் தராதது, கணக்குக் கொடுக்காதது, எதிர்த்தரப்போடு சேர்ந்துகொண்டது – இப்படி ஆதாரத்தோடு சொல்லக்கூடியதை மட்டும் எழுதுங்கள்.

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முடியாது. வக்கீலின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பணம் திரும்ப வேண்டும், கவனக்குறைவால் நஷ்டம் என்றால் சிவில் நீதிமன்றம்தான்.

எதிராளியிடமிருந்து செலவு வாங்குவது

“ஜெயித்தால் செலவெல்லாம் அவன் கொடுக்க வேண்டும்” என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. சட்டத்தின் சொல் ஏறக்குறைய அப்படித்தான்: சிவில் நடைமுறைச் சட்டம் 35-ஆம் பிரிவின்படி, செலவு தோற்றவர் மேல் விழும், அப்படி வேண்டாம் என்று நீதிபதி நினைத்தால் காரணத்தை எழுத வேண்டும். ஆனால் நெருங்கிய உறவுக்குள் வழக்கு என்றால் ‘அவரவர் செலவை அவரவரே ஏற்க வேண்டும்’ என்று முடிப்பதை அடிக்கடி பார்க்கலாம். எனக்குச் செலவோடுதான் தீர்ப்பானது. தீர்ப்பாணை நகலை வாங்கித் தொகையைப் பார்த்தேன்: 8,215 ரூபாய்.

1,75,600 எங்கே, 8,215 எங்கே? வக்கீலம்மா உட்காரவைத்து விளக்கினார். எதிராளியிடமிருந்து வாங்கக்கூடிய வக்கீல் கட்டணத்தை நாம் கொடுத்த தொகை தீர்மானிப்பதில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் 1973-ஆம் ஆண்டுக் கட்டண விதிகள் தீர்மானிக்கின்றன. அது வழக்கின் மதிப்பைப் பொறுத்தது. தடத்துக்கான வழக்கு என்பதால் மதிப்பைச் சிறிதாகப் போட்டு முத்திரையைக் குறைத்திருந்தோம், கட்டணமும் சிறிதாகிவிட்டது. கமிஷனருக்கும் சர்வேயருக்கும் நான் செலவழித்தது 18,200. அதில் நீதிமன்றம் நிர்ணயித்துக் கட்டச் சொன்ன 4,000 மட்டும் கணக்கில் ஏறியது. கையில் கொடுத்ததற்குக் கணக்கே இல்லை. பஸ், சாப்பாடு, காத்திருந்த நாள்கள் எதுவும் இல்லை.

இது நியாயம் இல்லை என்று நான் மட்டும் சொல்லவில்லை. நம் பக்கத்துச் சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றமே, செலவு என்றால் உண்மையில் ஆன நியாயமான செலவாக இருக்க வேண்டும், ஜெயித்தவர் செலவழித்த நேரம், போக்குவரத்து, தங்கும் செலவு, வக்கீல் கட்டணம், தட்டச்சு எல்லாம் அதில் வரலாம் என்று சொல்லியிருக்கிறது. ஆனால் 2011-இல் டெல்லி வழக்கு ஒன்றில், உயர் நீதிமன்றம் கொடுத்த 45 லட்சத்துக்கு மேற்பட்ட செலவுத்தொகையை அதே உச்ச நீதிமன்றம் நிற்கவிடவில்லை. விதியில் உள்ளபடிதான் கொடுக்க முடியும், விதியை உயர்த்துங்கள் என்றது. பொய் வழக்குக்காக 35-ஏ பிரிவில் வாங்கக்கூடிய ஈட்டுத்தொகை இன்றைக்கும் அதிகபட்சம் 3,000 ரூபாய். ஒரு மூட்டைப் பருத்திக்கொட்டைக்குக்கூடச் சரியாக வருமா தெரியாத அந்தத் தொகைக்குப் பயந்து யாரும் பொய் வழக்கை நிறுத்தப் போவதில்லை.

வணிக வழக்குகளில் நிலைமை மேல். அங்கே வக்கீல் கட்டணம் உட்பட நியாயமான செலவைத் தோற்றவர் கொடுப்பதே பொது விதி. யார் வீணாக இழுத்தார்கள் என்பதையும் நீதிமன்றம் பார்க்கும். திருமண வழக்கில், சொந்த வருமானம் போதாத மனைவியோ கணவனோ வழக்கு நடக்கும்போதே, வழக்குச் செலவை மற்றவரிடமிருந்து இந்துத் திருமணச் சட்டம் 24-ஆம் பிரிவில் கேட்கலாம். இதை முதல் மனுவோடு போடச் சொல்லுங்கள். பிறகு பார்க்கலாம் என்றால் வருஷம் ஓடிவிடும்.

கிடைக்கிற கொஞ்சத்தையும் விட்டுவிடாமல் இருக்க மூன்று காரியம். தீர்ப்பு வந்ததும் செலவுப் பட்டியலைத் தாக்கல் செய்தீர்களா என்று வக்கீலிடம் கேளுங்கள். எத்தனையோ தீர்ப்பாணைகளில் ‘செலவுப் பட்டியல் தாக்கல் செய்யப்படவில்லை’ என்று எழுதி, தொகை இருக்க வேண்டிய இடத்தில் கோடு போட்டிருக்கும். வக்கீல் கட்டணச் சான்றைத் தீர்ப்புக்கு முன்பே வாங்கிப் போடச் சொல்லுங்கள். எதிர்த்தரப்பு வாய்தா கேட்டு, 500 ரூபாய் செலவு கட்ட வேண்டும் என்று நீதிபதி உத்தரவிட்டால் அது உங்கள் பணம். யார் கையில் வந்தது என்று அன்றைக்கே கேட்டு நோட்டில் வரவு வையுங்கள். என் வழக்கில் அப்படி நான்கு முறை உத்தரவானது. என் கைக்கு வந்தது ஒரு முறை.

8,215-ஐ வாங்கத் தனியாக நிறைவேற்று மனுப் போட வேண்டும் என்றார்கள். அதற்கு 12 வருஷம் வரை நேரம் உண்டு. மனுப் போடுவதற்கு முன் பங்காளி வீட்டுப் பெரியவருக்கு ஆள் சொல்லி அனுப்பினேன். தை மாதத்தில் ஒரு காலை, கிணற்றுமேட்டில் வைத்து எண்ணிக் கொடுத்தார். ஐநூறு ரூபாய்த் தாள்கள், மேலே சில்லறை. முத்திரை ஒட்டி ரசீது எழுதிக் கொடுத்தேன். “நமக்குள் எதற்கு, அம்மணி?” என்றார். நீதிமன்றத்துக்கு வெளியே கொடுத்த பணம் நீதிமன்றத்தில் பதிவானால்தான் கணக்கில் வரும், இல்லாவிட்டால் நாளைக்கு என் பிள்ளைகள் உங்கள் பிள்ளைகளிடம் இன்னொரு தடவை கேட்க முடியும் என்று விளக்கினேன். அடுத்த வாரம் வக்கீலம்மா அந்தத் தொகை தீர்ந்ததாக நீதிமன்றத்தில் பதிவு செய்தார். அதற்கு அவர் கட்டணம் வாங்கவில்லை. நகல் செலவு 40 ரூபாய்.